எக்ஸெலில் வரும் சார்ட் பவர் பிஐயில் ஏன் வராது?

கேள்வி, 2025 மார்ச் 5, பின்னேரம் 4.10

"எங்களிட்ட ஒரு விற்பனை ஷீட் இருக்கு. இடது பக்கம் பொருள், மேல வரிசையா 12 மாதம். எக்ஸெலில தெரிவு செய்து எஃப்11ஐ அமத்தினா சார்ட் வந்து நிக்குது. அதே ஷீட்டை பவர் பிஐக்குள்ள போட்டா 'மாதம்' என்று ஒரு ஃபீல்டே இல்லை. ஜனவரி ஒரு ஃபீல்ட், பெப்ரவரி ஒரு ஃபீல்ட், இப்பிடி 12. எல்லாத்தையும் இழுத்துப் போட்டா 12 நிறத்தில 12 கோடு. காசு குடுத்து வாங்கின சாமான் எக்ஸெலை விட மோசம். மறுப்பு இருந்தா சொல்லுங்கோ."

மார்ச் 5, இரவு 9.30

மறுப்பு இருக்கு. முதலில், பவர் பிஐ டெஸ்க்டொப் (தரவை வரைபாக்கிக் காட்டுகிற மைக்ரோசொஃப்ட் மென்பொருள்) இலவசம். யாரிடம் காசு குடுத்து வாங்கினீங்கள் என்று பிறகு விசாரிப்பம்.

பள்ளிக்கூடத்தில் கணக்கீடு படித்த ஆட்களுக்கு இது சுகமாக விளங்கும். நாளேட்டில் ஒரு வரிக்கு ஒரு கொடுக்கல் வாங்கல்: எப்போது, என்ன, எவ்வளவு. ஐந்தொகை அதெல்லாம் முடிந்தபிறகு கண்ணால் பார்க்கக் கட்டி அடுக்குவது. உங்கள் ஷீட் ஐந்தொகைச் சாதி. பவர் பிஐ கேட்பது நாளேடு. எக்ஸெல் சார்ட் ஐந்தொகையை அப்படியே படம் பிடித்துத் தரும், அதனால்தான் எஃப்11 வேலை செய்யுது.

உங்கள் ஷீட்டைச் சின்னதாக்கி, எங்கள் கடை எண்களைப் போட்டால் இப்படி:

பொருள் | ஜனவரி | பெப்ரவரி | மார்ச்
பருப்பு | 120 | 95 | 140
சீனி | 210 | 180 | 200
நெத்தலி | 35 | (வெறுமை) | 40

இதில் 'ஜனவரி' என்பதும் ஒரு தகவல்தான். ஆனால் மற்றத் தகவல்களோடு கீழே நிற்காமல் தலைப்பில் ஏறி உட்கார்ந்திருக்கு. அதைக் கீழே இறக்க வேண்டும்:

பொருள் | மாதம் | மூடை
பருப்பு | ஜனவரி | 120
பருப்பு | பெப்ரவரி | 95
பருப்பு | மார்ச் | 140
சீனி | ஜனவரி | 210
சீனி | பெப்ரவரி | 180
சீனி | மார்ச் | 200
நெத்தலி | ஜனவரி | 35
நெத்தலி | மார்ச் | 40

செய்முறை: 'டிரான்ஸ்ஃபோர்ம் டேட்டா'வை அமத்தினால் பவர் குவெரி (தரவைத் திருத்தி அடுக்குகிற பகுதி) திறக்கும். பொருள் என்ற தலைப்பில் வலது கிளிக், 'அன்பிவட் அதர் கொலம்ஸ்'. அவ்வளவுதான். 'அட்ரிபியூட்', 'வேல்யூ' என்று இரண்டு பெயர் வரும், அவற்றை மாதம், மூடை என்று மாற்றுங்கோ. இப்போது மாதத்தைக் கிடை அச்சில், மூடையை நிலை அச்சில், பொருளை லெஜண்டில் போட்டால் மூன்று பொருளுக்கு மூன்று கோடு.

பவர் பிஐ இல்லாதவர்களுக்கும் இதே பட்டன் இருக்கு. எக்ஸெல் 2016இலிருந்து பவர் குவெரி 'டேட்டா' டெப்புக்குள்ளேயே வருது. 2010, 2013 வைத்திருந்தவர்கள் தனியாக இறக்கிப் பொருத்த வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. ஷீட்டை நிரப்புகிற ஆளைக் கூப்பிட்டு இனிமேல் இப்படி நீளமாகவே எழுதச் சொல்லுங்கோ. ஒவ்வொரு மாதமும் திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மார்ச் 5, இரவு 11.05

நித்திரை வரவில்லை. நீங்கள் போட்ட படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் 'மொத்தம்' என்று ஒரு நிரல். அடியில் 'மொத்தம்' என்று ஒரு நிரை. நான் சொன்னபடி அப்படியே செய்துவிடாதீங்கோ!

மேலே உள்ள சின்ன ஷீட்டின் கூட்டுத்தொகை 1,020 மூடை. மொத்தம் நிரலோடு அன்பிவட் செய்தால் 'மொத்தம்' இன்னொரு மாதமாக உள்ளே வந்துவிடும், சார்ட் 2,040 காட்டும். அடியில் உள்ள நிரையும் சேர்ந்தால் 'மொத்தம்' ஒரு பொருளும் ஆகிவிடும், 4,080. சரியாக நாலு மடங்கு. விற்பனை திடீரென்று நாலு மடங்காகத் தெரிந்தால் சந்தோஷப்பட முதல் இதைத்தான் தேட வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யிற ஓர் இடத்தில் நான் கணக்கு, கணினி இரண்டும் பார்க்கிறேன். நான் காட்டிய முதல் டாஷ்போர்ட் இதுதான். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இவ்வளவும் வித்திருந்தா அந்தக் காசு எங்க?"

மொத்தம் நிரலை அன்பிவட்டுக்கு முதல் அழியுங்கோ. மொத்தம் நிரையை ஃபில்டரில் பெயரைச் சொல்லித் தூக்குங்கோ. 'கடைசி ஒரு நிரையை நீக்கு' என்ற பட்டனை நம்ப வேண்டாம். ஒரு மாதம் எங்கள் ஷீட்டில் மொத்தத்துக்குக் கீழே 'தயாரித்தவர்' என்று ஒரு வரி இருந்தது. பட்டன் அந்த வரியைத் தூக்கிவிட்டு மொத்தத்தை உள்ளே விட்டது.

மார்ச் 6, மத்தியானம் 12.50

"நிரை கூடினால் ஃபைல் பெருக்காதா" என்று ஒருவர். 40 பொருள், 12 மாதம், 5 வருடம் என்றால் 2,400 நிரை. எக்ஸெல் ஷீட் ஒன்றிலேயே 1,048,576 நிரை கொள்ளும். பவர் பிஐ ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாகச் சுருக்கி வைப்பதால் 'பருப்பு' என்ற சொல் அறுபது தரம் வந்தாலும் அறுபது தரம் இடம் பிடிக்காது. அகலமான ஷீட்தான் அதற்குப் பாரம்.

ஆனால் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் வைத்திருக்கிறவர்கள் கவனம், அதன் எல்லை 65,536. 2020இல் இங்கிலாந்தில் பொதுச் சுகாதார அமைப்பு கொவிட் பரிசோதனை முடிவுகளை அந்த வடிவத்துக்குள் இழுத்தபோது எல்லைக்கு அப்பால் இருந்தவை விழுந்துபோய், 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் சேராமல் போனார்கள். ஷீட் நிரம்பினதை உடனே ஒருவரும் கவனிக்கவில்லை.

மார்ச் 7, காலை 7.15

நூற்றிமுப்பத்தெட்டாம் இலக்க பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

டாப்லோ (பவர் பிஐ மாதிரி இன்னொரு மென்பொருள்) பாவிக்கிற ஒருவர் "நான் பிவட் செய்யச் சொல்கிறேன், நீர் அன்பிவட் என்கிறீர், யார் சரி" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் சரி. டாப்லோவில் நிரல்களைக் கீழே இறக்குவதற்குப் பெயரே பிவட். பவர் குவெரியில் அது அன்பிவட், பிவட் என்றால் நேர்மாறு. ஒரே வேலைக்கு எதிரெதிர்ப் பெயர் வைத்தவர்களை என்ன செய்யலாம்!

நிரை, நிரல் எது எது என்று இன்னொருவர். தாயம் (எண்களை நிரை, நிரலாக அடுக்கும் கணக்கு) படிப்பித்த எங்கள் ரீச்சர் சொன்னது: நிரை படுத்திருக்கும், நிரல் நிமிர்ந்து நிற்கும். முப்பது வருடமாக அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

கூகுள் ஷீட்ஸ்: அதில் இந்தப் பட்டன் இல்லை. பொருள், மாதம், எண் மூன்றையும் ஒரு குறி வைத்து ஒட்டி, 'ஃபிளாட்டன்' கொண்டு ஒரே நிரலாக்கி, 'ஸ்பிளிட்' கொண்டு மறுபடி வெட்டுவார்கள். வேலை செய்யும். ஆனால் அந்தச் சூத்திரத்தை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எழுதினவருக்கே விளங்காது.

மார்ச் 9, இரவு

தலைப்பு இரண்டு அடுக்காக இருக்கிற ஷீட்டை என்ன செய்வது என்று ஒரு கேள்வி. எங்கள் ஷீட்டும் அதேதான், ஆகவே நீளமாகச் சொல்கிறேன். மேல் அடுக்கில் ஜனவரி, பெப்ரவரி, ஒவ்வொன்றும் இரண்டு கட்டத்தை இணைத்து எழுதியது. கீழ் அடுக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் மூடை, ரூபாய்.

இணைத்த கட்டம் கண்ணுக்கு ஒன்று. கணினிக்கு முதல் கட்டத்தில் மட்டும் எழுத்து, மற்றது வெறுமை. பவர் குவெரிக்குள் போனதும் ஜனவரிக்குப் பக்கத்தில் ஒரு 'நல்' (null, ஒன்றும் இல்லை என்ற குறி) நிற்கும். 'ஃபில் டவுன்' என்று வெறுமையை நிரப்புகிற பட்டன் இருக்கு, ஆனால் அது மேலிருந்து கீழாகத்தான் நிரப்பும், இடமிருந்து வலமாக நிரப்பத் தெரியாது. ஆகவே முழுத் தாளையும் ஒருதரம் பக்கவாட்டில் புரட்ட வேண்டும்.

புரட்ட முதல், தலைப்பாக ஏறிவிட்ட வரியை மறுபடி முதல் நிரையாக இறக்கிவிடுங்கோ. 'டிரான்ஸ்போஸ்' தலைப்பைத் தூக்கி எறிந்துவிடும், கேட்காது. பிறகு டிரான்ஸ்போஸ். இப்போது மாதம் முதல் நிரலில், மூடை/ரூபாய் இரண்டாம் நிரலில். முதல் நிரலில் ஃபில் டவுன். இரண்டையும் இடையில் ஒரு நிலைக்கோடு வைத்து ஒட்டினால் 'ஜனவரி|மூடை', 'ஜனவரி|ரூபாய்'. மறுபடி டிரான்ஸ்போஸ், முதல் நிரையைத் தலைப்பாக்கு, பொருளைத் தவிர மற்றதெல்லாம் அன்பிவட், நிலைக்கோட்டில் வெட்டு.

இங்கே நிறுத்திவிட்டால் பிழை. ஏனென்றால் ஒரே நிரலில் மூடையும் ரூபாயும் கலந்து நிற்குது. அதைக் கூட்டினால் 120 மூடையும் சில இலட்சம் ரூபாயும் சேர்ந்து ஒரு எண் வரும், அதற்குப் பெயரே கிடையாது. ஆகவே மூடை/ரூபாய் நிரலை மட்டும் மறுபடி பிவட் செய்து இரண்டு நிரலாக நிமிர்த்த வேண்டும். அங்கே 'கூட்டவேண்டாம்' என்ற தெரிவைப் போடுங்கோ. அப்போது ஒரே பொருள் ஷீட்டில் இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் பிழை என்று காட்டும். காட்டட்டும். 'கூட்டு' என்று விட்டால் இரட்டைப் பதிவைச் சேர்த்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும்.

ஃபில் டவுன் சில வேளை அசையாது. அது 'நல்'லைத்தான் நிரப்பும். சிஎஸ்வியில் (காற்புள்ளி வைத்துப் பிரித்த எழுத்து ஃபைல்) இருந்து வந்த வெறுமை பல நேரம் 'ஒன்றும் எழுதாத எழுத்து', நல் அல்ல. முதலில் அதை நல்லாக மாற்றினால்தான் நிரப்பும். எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க இதில் போனது.

மார்ச் 13, மெதின் போயா (பௌர்ணமி விடுமுறை)

கடை பூட்டு. வெள்ளவத்தையில் வீட்டு மொட்டைமாடியில் இருந்து இதை எழுதுகிறேன், கடல் காத்து நல்லாயிருக்கு.

"கடை ஷீட் வெளியே காட்ட முடியாது, பழகிப் பார்க்க வேறு ஏதும் இருக்கா" என்று கேட்டவருக்கு: இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வருகை எண்ணிக்கையை எடுங்கோ. 12 மாதம் நிரையில், வருடம் நிரலில் என்று நான் தட்டி வைத்த தாள் ஒன்று இருக்கு. 2018இல் 2,333,796 பேர், 2019இல் 1,913,702. கோட்டு வரைபாக்கினால் 2019 மே கிணறு மாதிரி விழும், 37,802. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த மாதம்.

அடுத்த வருடத்தில்தான் விஷயம். 2020 நிரலில் ஜனவரி 228,434, பெப்ரவரி 207,507, மார்ச் 71,370, டிசெம்பர் 393. கூட்டினால் 507,704, வருடத்தின் முழுத்தொகை. இடையில் உள்ள எட்டு மாதமும் ஒருவரும் வரவில்லை, மார்ச்சில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரும் பயணிகள் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். நான் அந்த எட்டுக் கட்டத்தையும் வெறுமையாக விட்டிருந்தேன்.

மாதம் நிரலை வைத்துக்கொண்டு மற்றதை அன்பிவட் செய்தேன். 2018 தொடக்கம் 2025 வரை எட்டு வருடம், 96 நிரை வரவேண்டும். வந்தது 78. அன்பிவட் வெறுமையை நிரையாக்காது, ஒரு சத்தமும் இல்லாமல் விட்டுவிடும். (மார்ச் 5ஆம் திகதிக் குறிப்பை மேலே போய்ப் பாருங்கோ, நெத்தலிக்குப் பெப்ரவரி நிரை இல்லை. யாரும் கேட்கவில்லை.)

விளைவு, 2020 மார்ச்சில் இருந்து டிசெம்பருக்கு ஒரு நேர்கோடு. பார்க்கிறவருக்கு, மார்ச்சில் எழுபதாயிரம், பிறகு மெல்ல மெல்லக் குறைந்து டிசெம்பரில் 393 என்று கதை சொல்லுது. ஓகஸ்டில் முப்பதாயிரம் பேர் வந்த மாதிரி. ஒருவரும் வரவில்லை.

தீர்வு: அன்பிவட்டுக்கு முதல் எல்லா நிரலையும் தெரிவு செய்து நல்லை 0 ஆக்குங்கோ. 96 நிரையும் வரும். கோடு தரையில் படுத்துக் கிடக்கும், அதுதான் உண்மை.

மார்ச் 14, காலை

நேற்றுச் சொன்ன தீர்வு பிழை. மொட்டைமாடிக் காத்தில் மூளை காய்ந்துவிட்டது.

இன்று காலை அதே வரைபைத் திறந்தேன். வலது ஓரத்தில் கோடு செங்குத்தாக விழுந்து 2025 டிசெம்பர் வரைக்கும் தரையில். 2025 நிரலில் ஜனவரி, பெப்ரவரி மட்டும்தான் எண் இருக்கு. மற்றப் பத்து மாதமும் இன்னும் முடியவில்லை, அவற்றையும் நான் 0 ஆக்கிவிட்டேன். 96 இல் 78 போனால் 18. அதில் எட்டு உண்மையான சுழியம், பத்து எதிர்காலம். இரண்டையும் ஒரே வெறுமையாக எழுதி வைத்தது நான். பவர் குவெரி எப்படிப் பிரித்தறியும்?

ஆகவே ஷீட்டிலேயே, எண்ணினவர், எண்ணிப் பார்த்து ஒருவரும் இல்லை என்றால் 0 என்று எழுத வேண்டும். எண்ணவில்லை என்றால் வெறுமை. மூலத்தில் எட்டுக் கட்டத்தில் 0 போட்டேன், நல் மாற்றும் படியைத் தூக்கினேன். 86 நிரை. சரி.

எங்கள் நெத்தலிக்குப் பெப்ரவரி வெறுமை எந்த வகை என்று இன்றைக்கும் தெரியாது. சரக்கு வரவில்லையா, வந்து விற்கவில்லையா, எழுத மறந்ததா? கேட்க வேண்டும்.

மார்ச் 21, இரவு 10

முதல் நாள் எழுதினேனே, நிரப்புகிற ஆளையே நீளமாக எழுதச் சொல்லுங்கோ என்று. அதை வாபஸ் வாங்குகிறேன்.

எங்கள் கடையில் ஷீட் நிரப்புகிறவர் ஓர் அக்கா. இருபது வருடமாக அங்கே. முதலில் கொப்பியில் எழுதி, பின்னேரம் எக்ஸெலில் ஏற்றுவார். நெத்தலி வெறுமையைப் பற்றிக் கேட்கப் போனபோது, அப்படியே நான் ஆசையாகச் செய்து வைத்திருந்த நீளமான தாளையும் காட்டி, "அக்கா, இனி இதில எழுதுவமா" என்றேன். சரி தம்பி என்றார். மறுப்பே இல்லை, அதுவே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் போய்ப் பார்த்தால், செவ்வாய்க்கிழமைச் சீனி இரண்டு தரம், செத்தல் மிளகாய் ஒரு நாள் இல்லை, ஓர் இடத்தில் வத்தளைக்குப் போன மூடை தெஹிவளைக்கு. இருபது வருடத்தில் அவர் கொப்பியில் நான் பிழை கண்டது கையில் எண்ணலாம்.

"ஏன் அக்கா" என்று கேட்டேன். அவர் பழைய ஷீட்டைத் திறந்து, பருப்பு வரியில் விரலை வைத்து இடமிருந்து வலமாக இழுத்துக் காட்டினார். "இதில ஓர் ஓட்டை இருந்தா விரல் நிக்கும். உங்கட தாளில விரலை எங்க வைக்கிறது?"

அவருடைய சரிபார்ப்பு முழுக்க அந்த விரலில் இருந்தது. அகலமான தாளில் வெறும் கட்டம் ஓட்டையாகத் தெரியும். நீளமான தாளில் எழுதாத நிரை வெறுமையாகக்கூட இருக்காது, அது இல்லவே இல்லை. இல்லாததை யார் பார்ப்பது? போன வாரம் சுற்றுலாக் கணக்கில் 18 நிரை காணாமல் போனதை நான் எண்ணிக்கையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், கண்ணால் அல்ல. அதே பாடத்தை அக்கா எனக்கு இலவசமாகச் சொன்னார்.

ஆகவே அகலமான ஷீட் அக்காவுக்கு, நீளமான தாள் பவர் பிஐக்கு. திருப்புகிற வேலை நடுவில் பவர் குவெரிக்கு. ஒருதரம் எழுதிவிட்டால் 'ரிஃப்ரெஷ்' அமத்தும்போதெல்லாம் அதுவே செய்யும். மனுசரைத் திருப்பப் போனது என் பிழை. அடுத்த நாள் பழைய ஷீட்டைத் திருப்பிக் குடுத்தேன். நெத்தலி, அக்கா சொன்னது: அந்த மாதம் சரக்கு வரவில்லை. 0 போட்டாச்சு.

மார்ச் 23

மாத ஒழுங்கு. பவர் பிஐ மாதப் பெயரை எழுத்தாகத்தான் பார்க்கும், ஆகவே பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கில அகரவரிசை: ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர், பெப்ரவரி. எங்கள் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குவதால் ஏப்ரல் முதலில் நின்றதைப் பார்த்து "அட, இதுக்கு எங்கட வருமான வரி ஆண்டும் தெரியுதே" என்று இரண்டு நாள் நம்பினேன். பக்கத்தில் ஓகஸ்ட் நிற்பதைக் கண்ட பிறகுதான் சிரிப்பு வந்தது. மாதத்துக்கு ஓர் எண் நிரல் செய்து, 'சோர்ட் பை கொலம்' கொண்டு அதை வைத்து அடுக்குங்கோ. ஒரு பெயருக்கு ஓர் எண்தான் இருக்கலாம். வருடத்தையும் சேர்த்து 202401, 202501 என்று போட்டு ஜனவரிக்கு இரண்டு எண் வந்தால் மறுத்துவிடும்.

திகதி: 03/04/2025 எங்களுக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச் 4. 13 தொடக்கம் 31 வரையான நாட்கள் பிழை என்று சிவப்பாகக் காட்டும், அது நல்லது. 12 வரைக்கும் வாயே திறக்காது, மாதத்தையும் நாளையும் மாற்றிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். வகை மாற்றும்போது 'யூசிங் லொக்கேல்' எடுத்து ஐக்கிய இராச்சிய ஆங்கிலம் என்று சொல்லிவிடுங்கோ.

தலைப்பில் 45292 என்று வந்தால் பயப்படாதீங்கோ. அது 2024 ஜனவரி 1, எக்ஸெல் நாட்களை 1900 தொடக்கம் எண்ணுவதால்.

மார்ச் 27

விலைச் சுட்டெண்ணை நீளமாக்கின தம்பிக்கு: உங்கள் கோடு 2023 தொடக்கத்தில் குன்றில் இருந்து விழுவது விலை இறங்கினதால் அல்ல. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் அடியாண்டு (100 என்று வைத்து ஒப்பிடுகிற ஆண்டு) 2013இல் இருந்து 2021க்கு மாறியது. இரண்டு அளவுகோலை ஒரே நிரலில் அடுக்கியிருக்கிறீங்கள். 'அடியாண்டு' என்று இன்னொரு நிரல் போட்டு இரண்டு கோடாக்குங்கோ. விலை இறங்கினால் எங்களுக்குத் தெரியாமலா போகும், சந்தைக்குப் போறம்தானே.

ஏப்ரல் 3

"ஷீட்டில் புதிய மாதம் சேர்த்தேன், சார்ட்டில் வரவில்லை." நல்ல கேள்வி, நான் இதற்கு ஒரு முறை இரண்டு நாள் செலவழித்தேன். ஃபைல் சிஎஸ்வியா? முதல் படியின் சூத்திரத்தைத் திறந்து பாருங்கோ. முதல்முறை வாசிக்கும்போது எத்தனை நிரல் இருந்ததோ அந்த எண்ணை அங்கே எழுதி வைத்திருக்கும், 'கொலம்ஸ்' சமன் 14 என்று. பதினைந்தாவது நிரல் வந்தால் அதைப் பார்க்காது. அந்தத் துண்டை அழித்துவிடுங்கோ.

அதற்கு அடுத்து, தானாகச் சேரும் 'சேஞ்ச்ட் டைப்' படி. அதற்குள் ஒவ்வொரு மாதப் பெயரும் எழுதப்பட்டிருக்கும், ஒரு தலைப்பு மாறினாலும் காணவில்லை என்று நின்றுவிடும். அன்பிவட்டுக்கு முதல் அந்தப் படி வேண்டாம், தூக்கிவிட்டுப் பிறகு வகையைச் சொல்லுங்கோ.

அதே சூத்திரத்தில் 'என்கோடிங்' 1252 என்று இருந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் குப்பையாக வரும். 65001 ஆக்குங்கோ. பாமினி எழுத்துருவில் தட்டின பழைய பட்டியல் என்றால் எந்த எண்ணும் உதவாது, அங்கே உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். முதலில் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 17

புதுவருடம் முடிந்து வந்தால் புதுப் பிரச்சினை. பவர் குவெரியில் ஊர்வாரியாக 'குரூப் பை' செய்தேன். கொழும்பு இரண்டு தரம். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன், இடைவெளி இல்லை, புள்ளி இல்லை, அச்சொட்டாக ஒன்று.

ஒன்றில் 'கொ' ஒழுங்காக இருந்தது: க, அதோடு ஒகரக் குறி, இரண்டு குறியீடு. மற்றதில் க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடு. பாமினியில் இருந்து மாற்றின பட்டியல் இப்படித் துண்டு துண்டாக வந்திருக்கு. கண்ணுக்கு ஒன்று, பவர் குவெரிக்கு இரண்டு ஊர். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒரு தொல்லை இருக்கு (பவர் குவெரி இரண்டையும் வேறு என்னும், உள்ளே போனபின் பவர் பிஐ ஒன்று என்னும், உறவு கட்டும்போது சண்டை வரும்). தமிழில் அது இல்லை என்று மகிழ்ந்திருந்தேன்.

மாற்றுப் படி இரண்டு போட்டேன். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்தால் ஒகரம், இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்தால் ஓகாரம். கொழும்பு ஒன்றானது, கோட்டையும் ஒன்றானது. உற்சாகத்தில் மூன்றாவதும் போட்டேன்: கொம்பும் ளகரமும் சேர்ந்தால் ஔகாரம், 'கெளரி' ஸ்டோர்ஸ் மாதிரி எழுதினதையெல்லாம் திருத்த. கௌரி திருந்தியது. கெளுத்தி மீன் செத்தது. அதில் உண்மையிலேயே கொம்பும் ளகரமும்தான் இருக்கு! மூன்றாவது படியைத் தூக்கிவிட்டு அந்தப் பெயர்களைக் கையால் திருத்தினேன்.

மே 4

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். அவருடைய சார்ட் வேலை செய்யுது, பவர் பிஐ எக்ஸெலை விட மோசம் என்ற கூற்றைத் திரும்பப் பெறுகிறாராம். காசு யாரிடம் குடுத்தார் என்று இன்னும் சொல்லவில்லை.

எங்கள் பக்கம்: முதலாளிக்குக் கோட்டு வரைபைக் காட்டினேன். நல்லாயிருக்கு என்றார். பிறகு, "தம்பி, அந்தப் பழைய மாதிரி, பொருள் இங்க, மாதம் மேல, கடைசியில மொத்தம், அப்பிடி ஒண்டு இதில வராதா?" மேட்ரிக்ஸ் என்று ஒரு காட்சி இருக்கு, நிரையில் பொருள், நிரலில் மாதம், மொத்தமும் தானே போடும். இரண்டு நிமிட வேலை. இப்போது அவர் திறக்கிறது அதை மட்டும்தான்.

நேற்று அவருடைய மகன் வட்ஸ்அப்பில் ஓர் எக்ஸெல் ஃபைல் அனுப்பியிருந்தார். அந்த மேட்ரிக்ஸை அப்படியே எக்ஸ்போர்ட் செய்தது. "அண்ணா, இதில இருந்து ஒரு சார்ட் செய்து தர ஏலுமா? என்ர லப்டொப்பில 12 கோடு வருது."

மொத்தம் நிரலை முதலில் தூக்கினேன்.